எடை குறைந்த விமானம், காற்று எழாத காலை: பினாங்கில் மாதிரி விமானம் கட்டிப் பறக்கவிட்ட அனுபவம்

பினாங்கில் ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானம் கட்டிப் பறக்கவிட ஆசைப்பட்டு என்னிடம் யோசனை கேட்பவர்கள், எந்த டிரான்ஸ்மிட்டர் (கையில் பிடித்து விமானத்தை இயக்கும் ரேடியோ கருவி) வாங்குவது, எந்த மோட்டார் வாங்குவது என்ற கேள்விகளோடுதான் பெரும்பாலும் வருகிறார்கள். நான் அவர்களை முதலில் வாங்கச் சொல்வது, ஒரு கிராம் வித்தியாசத்தையும் காட்டக்கூடிய சமையலறைத் தராசு ஒன்றை. பினாங்கின் தீபகற்பப் பகுதியான செபராங் பிறையின் தென்பகுதியில், தோட்டத்துத் திடல்களிலும் அறுவடை முடிந்து காய்ந்த வயல்களிலும் பல ஆண்டுகளாகப் பறக்கவிட்டு வருபவன் என்ற முறையில், இந்தப் பொழுதுபோக்கில் ஒருவர் நிலைப்பதும் சில மாதங்களில் சலித்து விலகுவதும் அவர் கட்டும் முதல் விமானத்தின் எடையைப் பொறுத்தே அமைகிறது என்று உறுதியாகச் சொல்வேன். நமக்குக் கிடைக்கும் திடல்கள் சிறியவை. பெரும்பாலானவற்றைச் சுற்றிச் செம்பனை மரங்கள் நிற்கின்றன. அத்தகைய இடத்தில் மெதுவாகப் பறக்கக்கூடிய விமானம் ஒன்றே புதியவருக்கு யோசிக்க நேரம் கொடுக்கும்.

ஒரு கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். இறக்கை முனைக்கு முனை 120 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பயிற்சி விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மின்கலத்தையும் சேர்த்து 700 கிராமில் அதைக் கட்டி முடித்தால், வேகம் மணிக்கு ஏறத்தாழ 24 கிலோமீட்டராகக் குறையும் வரை இறக்கை அதைத் தாங்கிப் பிடிக்கும். அதே விமானம் 1 கிலோவாகிவிட்டால், ஏறத்தாழ 29 கிலோமீட்டர் வேகத்திலேயே இறக்கை தன் பிடியை இழந்து ஸ்டால் ஆகிவிடும். 5 கிலோமீட்டர் வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் மோதும் ஆற்றல் எடையோடும் வேகத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து பெருகுவதால், கூடுதலாக 300 கிராம் சுமந்த விமானம் தன் மிகக் குறைந்த வேகத்தில் இறங்கும்போதும் இரு மடங்கு ஆற்றலோடு தரையைத் தொடுகிறது. இலேசான விமானம் புல்லில் சறுக்கி நிற்கும் இடத்தில், கனமான விமானத்தின் மூக்கு உடைகிறது.

அந்த 300 கிராம் எங்கிருந்து வருகிறது என்பதை மேசையில்தான் கண்டுபிடிக்க முடியும். பால்சா மரப் பலகைகள் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் எடையில் பெரிதும் வேறுபடுபவை. ஒன்றரை மில்லிமீட்டர் கனமும் ஏழரை சென்டிமீட்டர் அகலமும் 90 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட ஒரே அளவுப் பலகைகளில் ஒன்று 10 கிராம் இருக்கும், இன்னொன்று 20 கிராம் இருக்கும். கடைக்காரர் சம்மதித்தால் அங்கேயே நிறுத்துப் பார்த்து, கனமானவற்றை இறக்கையின் நடுத்தண்டுக்கும் மோட்டார் பொருத்தும் இடத்துக்கும், இலேசானவற்றை வால் பகுதிக்கும் என்று பிரித்து வாங்குவது என் வழக்கம். எனக்கு இந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தவர் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். திடலுக்கு வரும் அனைவருக்கும் அவர் அண்ணன். புதிதாக ஒருவர் விமானத்தைக் கொண்டுவந்தால், அண்ணன் முதலில் வாலைத்தான் பிடித்துப் பார்ப்பார். “வாலில் 10 கிராம் கூடினால் மூக்கில் 30 கிராம் ஈயம் கேட்கும், தம்பி” என்பார். வால், ஈர்ப்பு மையத்திலிருந்து 60 சென்டிமீட்டர் பின்னாலும், மூக்கு 20 சென்டிமீட்டர் முன்னாலும் இருக்கும் விமானத்தில் அது நெம்புகோல் கணக்குத்தான். ஆகவே வாலில் பசையைத் தாராளமாகப் பூசுவதும், அழகுக்காக அதன்மேல் இரண்டு அடுக்கு வண்ணம் அடிப்பதும் விமானம் முழுவதையும் கனமாக்கும் செயல்கள்.

நம் ஊரின் வெப்பத்தைப் பற்றிப் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. காற்று சூடானால் அதன் அடர்த்தி குறையும். அதனால் விமானம் பறக்கத் திணறும் என்கிறார்கள். அடர்த்தி குறைவது உண்மைதான். 15 பாகை செல்சியஸில் இருப்பதைவிட 32 பாகையில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 6 விழுக்காடு குறைவு. ஆனால் அதனால் ஸ்டால் வேகம் 3 விழுக்காட்டு அளவில்தான் கூடும், மாதிரி விமானம் ஓட்டுபவர் அதை உணரக்கூட மாட்டார். வெப்பமும் ஈரப்பதமும் உண்மையில் தாக்குவது பசையையும் மரத்தையும் மேலுறையையும் மின்கலத்தையும். குளிர்நாட்டவர்கள் எழுதிய கட்டுமானக் குறிப்புகளை அப்படியே பின்பற்றுவோர் இந்த இடங்களில்தான் சிரமப்படுகிறார்கள்.

சயனோ பசை, அதாவது சூப்பர் குளூ வகை, காற்றிலும் மரத்திலும் உள்ள ஈரத்தைக் கொண்டே இறுகுகிறது. பினாங்கின் ஈரக்காற்றில் அதன் மெல்லிய வகை தொட்டவுடன் பிடித்துவிடும். ஒட்டிய பிறகு நகர்த்திச் சரிசெய்யலாம் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை. அதனால் ஒவ்வொரு துண்டையும் பசையில்லாமல் முதலில் பொருத்திப் பார்த்து, ஊசியால் நிலைநிறுத்தி, கோணத்தை அளந்து உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகே இணைப்பில் ஒரு சொட்டு விட வேண்டும். திறந்த குப்பியை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் நெடுநாள் கெட்டியாகாமல் இருக்கும். வெளியே எடுத்ததும் மூடியைத் திறந்துவிடக் கூடாது. குப்பி அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருக்காவிட்டால் காற்றின் ஈரம் உள்ளே படிந்து பசை வீணாகும். வெள்ளைப் பசையின் இயல்பு இதற்கு நேர்மாறானது. ஈரக்காற்றில் அது உலர நெடுநேரம் எடுப்பதால், மழைக்கால இரவுகளில் ஒட்டிய இறக்கையை மறுநாள் மாலை வரை பலகையிலிருந்து எடுக்காமல் விடுவதே நல்லது. பாதி உலர்ந்த நிலையில் எடுத்த இறக்கை முறுக்கிக்கொள்ளும். அப்படி முறுக்கிய இறக்கை வானில் எப்போதும் ஒரே பக்கம் சாயும்.

முறுக்கைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. இறக்கையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, பின்விளிம்பின் வழியாக ஒரு முனையிலிருந்து மறுமுனையைப் பார்க்க வேண்டும். முன்விளிம்பும் பின்விளிம்பும் இரண்டு பக்கத்திலும் ஒரே விதமாகத் தெரிகின்றனவா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகப் பார்த்தால் இரண்டு மில்லிமீட்டர் கோணல்கூடக் காட்டிக்கொடுக்கும். பிளாஸ்டிக் மேலுறை போட்ட இறக்கையில் அத்தகைய கோணலைச் சரிசெய்வது எளிது. இறக்கையை எதிர்ப்பக்கம் மெல்ல முறுக்கிப் பிடித்தபடி மேலுறையை வெப்பக்காற்றால் சூடாக்கி, கை எடுக்காமல் ஆறவிட்டால் அது நேராக நிற்கும். ஆனால் அதே வெப்பம் திடலில் நமக்கு எதிராகவும் வேலை செய்யும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிற மேலுறை வெயிலில் கிடந்தால் அதிகம் சூடாகித் தொய்ந்துபோகும். ஆகவே இறக்கையின் மேற்பக்கத்துக்கு மஞ்சளோ வெள்ளையோ, அடிப்பக்கத்துக்கு மட்டும் அடர்நிறம் என்று வைத்துக்கொள்கிறேன். தொலைவில் விமானத்தின் எந்தப் பக்கம் நம்மைப் பார்க்கிறது என்று தெரிவதற்கும் அந்த வேறுபாடு உதவுகிறது.

மரத்தில் தொடங்கப் பொறுமை இல்லாதவர்கள் எழுதுபொருள் கடைகளில் கிடைக்கும் 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டில் தொடங்கலாம். அது மலிவு, ஓர் இரவில் ஓர் இறக்கையை வெட்டி மடித்து ஒட்டிவிடலாம். ஆனால் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். அதன் மேல் ஒட்டியுள்ள தாள், காலைப் பனியில் நனைந்த புல்லில் இரண்டு முறை இறங்கினால் உரிந்துவிடும். அடிப்பாகத்துக்கு மட்டுமாவது நாடா ஒட்டி மறைப்பது அவசியம். மற்றொன்று, துப்பாக்கியில் உருக்கி ஒட்டும் சூட்டுப்பசை. வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தப் பசை இளகுகிறது. வீட்டில் உறுதியாக இருந்த மோட்டார் தாங்கி, திடலுக்கு வந்து சேர்வதற்குள் தளர்ந்திருக்கும். முழு வேகத்தில் மோட்டார் சுழலும்போது அது கழன்றால் அருகில் நிற்பவருக்கு ஆபத்து. மோட்டார், இறக்கை இணைப்பு ஆகிய இரண்டு இடங்களிலும் எப்பாக்சி பசையை மட்டுமே பயன்படுத்துங்கள்.

ஈர்ப்பு மையம் விஷயத்தில் சமரசம் செய்துகொள்ளக் கூடாது. 20 சென்டிமீட்டர் அகலமுள்ள நேரான இறக்கைக்கு அது முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மின்கலத்தை உள்ளே வைத்து, பறக்கும் நிலையிலேயே இறக்கையின் அடியில் இரு விரல் நுனிகளால் தூக்கிப் பார்க்க வேண்டும். மூக்கு இம்மியளவு தாழ்ந்து நின்றால் நல்லது. மூக்கு கனமான விமானம் சோம்பலாகப் பறக்கும், ஆனால் பறக்கும். வால் கனமான விமானம் புதியவர் கையில் நிற்கவே நிற்காது. இந்தச் சமநிலையின் சூட்சுமத்தை 1871இல் பாரிஸில் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சு இளைஞர் ரப்பர் முறுக்கில் பறக்கும் ஒரு சிறு விமானத்தின் மூலம் நிரூபித்துக் காட்டினார். சற்றே மேல்நோக்கி வளைந்த இறக்கை முனைகளையும், இறக்கையைவிடக் குறைந்த கோணத்தில் பொருத்திய வாலையும் கொண்டு, எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் அது தானாக நிமிர்ந்து ஏறத்தாழ 40 மீட்டர் பறந்தது. இன்றைய பயிற்சி விமானமும் அதே அமைப்பில்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்க விரும்புவோர், மின்சாரம் எதுவும் இல்லாத பால்சா கிளைடர் ஒன்றின் மூக்கில் களிமண்ணைக் கூட்டியும் குறைத்தும் எறிந்து பார்க்கச் செய்யுங்கள். ஈர்ப்பு மையம் என்றால் என்னவென்று அவர்கள் கைகளுக்கே புரிந்துவிடும்.

மோட்டார் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 700 கிராம் பயிற்சி விமானத்துக்கு 150 வாட் அளவு போதும். வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று என்று குறிக்கப்பட்ட பிரஷ்லெஸ் மோட்டார், 30 ஆம்பியர் வேகக் கட்டுப்படுத்தி, மூன்று செல் கொண்ட 2200 மில்லியாம்பியர் மணி லித்தியம் பாலிமர் மின்கலம் ஆகியவை சந்தையில் எளிதில் கிடைக்கின்றன. மின்கலத்தைத்தான் மரியாதையோடு நடத்த வேண்டும். ஒரு செல் நிறைவாக இருக்கும்போது 4.2 வோல்ட், அது 3.5 வோல்ட்டை நெருங்கும் முன் விமானம் தரைக்கு வந்துவிட வேண்டும் என்பதற்காக டிரான்ஸ்மிட்டரில் கடிகாரத்தை வைத்து, மின்கலத்தின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு மீதமிருக்கும்போதே இறங்கிவிடுகிறோம். பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். சனிக்கிழமை மழை பெய்துவிட்டது என்று நிறைவாக ஏற்றிய மின்கலத்தை அடுத்த வாரம் வரை அப்படியே விடுவது அதன் ஆயுளைக் குறைக்கும். வெயிலில் நிறுத்திய காரில் ஒருபோதும் வைக்காதீர்கள். மின்னேற்றுவது சிமெண்டுத் தரையில் அல்லது ஓடு பதித்த தரையில், கண் பார்வையில், தீப்பற்றக்கூடிய எதுவும் அருகில் இல்லாத இடத்தில் நடக்க வேண்டும்.

எங்கே பறக்கவிடுவது என்பது பினாங்கில் உண்மையிலேயே கடினமான கேள்வி. தீவின் தென்கிழக்கில், பாயான் லெப்பாஸில் பினாங்கு அனைத்துலக விமான நிலையம்; கடலின் இப்பக்கம், தீபகற்பக் கரையில் பட்டர்வொர்த்தில் அரச மலேசிய ஆகாயப் படையின் தளம். இரண்டிலிருந்தும் நன்கு விலகியிருக்க வேண்டும் என்பதால் நாங்கள் செபராங் பிறையின் தெற்கிலுள்ள நிபோங் தெபால் பக்கம் வருகிறோம். 2016ஆம் ஆண்டின் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறைகளின்படி, அனுமதி பெறாமல் தரையிலிருந்து 400 அடிக்கு மேலும், விமான நிலையப் போக்குவரத்து வட்டாரத்துக்குள்ளும் ஆளில்லா விமானத்தைப் பறக்கவிடக் கூடாது. டிரோன்களுக்கு மட்டுமே இந்த விதி என்று நினைப்பது தவறு. 400 அடி என்பது ஏறத்தாழ 122 மீட்டர். 120 சென்டிமீட்டர் இறக்கை கொண்ட விமானத்தை அந்த உயரத்திற்குக் கொண்டுபோக வேண்டிய தேவையே வருவதில்லை. புதிய இடத்துக்குப் போகும் முன் அந்த வான்வெளியின் நிலையைச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளில் பார்த்துக்கொள்வதும், தோட்டத்துத் திடலானால் நிர்வாகத்திடமும் வயலானால் உரிமையாளரிடமும் நேரில் போய்க் கேட்பதும் கடமை. கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு சம்மதிக்கிறார்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை காலைதான். இங்கே சூரியன் ஏழு மணியை ஒட்டியோ சற்றுப் பிந்தியோ உதிக்கிறது. அதிலிருந்து ஒன்பதரை வரை காற்று எழாமல் இருக்கும். அதன் பிறகு நிலம் சூடாகி வெப்பக்காற்று மேலெழும்; கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். பிற்பகலில் இடிமழை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அதிகாலையிலேயே மேற்கிலிருந்து சுமத்ரா காற்றோடு மழை வந்து தாக்குவதும் உண்டு. கடல் பக்கம் கருமேகம் வளைவாகத் திரண்டு வந்தால், விமானங்களை இறக்கிக் காரில் ஏற்ற அதிக நேரம் இருக்காது. இடி கேட்டால் பறப்பதை நிறுத்திவிட வேண்டும். திறந்த திடலின் நடுவில் நிற்பவருக்கு அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஓட்டக் கற்றுக்கொள்ளும்போது அனைவரையும் தடுமாறச் செய்வது, விமானம் நம்மை நோக்கித் திரும்பி வரும் கணம். அப்போது நம் வலமும் விமானத்தின் வலமும் எதிரெதிராகிவிடுகின்றன. கணினியில் பயிற்சி செய்துவிட்டு வந்த என் அக்காள் மகன், முதன்முறையாகத் திடலில் விமானத்தைத் திருப்பிக்கொண்டு வந்தபோது, “மாமா, எந்தப் பக்கம் தள்ளணும்?” என்று பதறினான். அவன் டிரான்ஸ்மிட்டரும் என் டிரான்ஸ்மிட்டரும் கேபிளால் இணைக்கப்பட்டிருந்தன. என் கருவியில் நான் அழுத்திப் பிடித்திருந்த பொத்தானை விட்டால் கட்டுப்பாடு என் கைக்கு வந்துவிடும். நான் விடவில்லை. “எந்த இறக்கை கீழே சாயுதோ, குச்சிய அந்தப் பக்கமே தள்ளு” என்றேன். இடது பக்கம் தாழ்ந்திருந்த இறக்கை நிமிர்ந்தது. அவன் தோள்கள் தளர்ந்ததை அருகில் நின்று பார்த்தேன். வலம், இடம் என்று மனத்தில் மாற்றிக் கணக்கிடுவதைவிட இந்த ஒரே விதி விரைவாகக் கைக்குப் பழகிவிடுகிறது. தாழும் இறக்கைக்குக் கீழே ஒரு தூணை நட்டுத் தாங்குவதுபோல் நினைத்துக்கொள் என்று சிறுவர்களுக்குச் சொல்கிறேன். அவனுக்கு நான் வகுத்த இன்னொரு விதி, முதல் பத்துப் பறப்புகளுக்கு மரங்களின் உயரத்தைப்போல் மூன்று மடங்குக்குக் கீழே வரக் கூடாது என்பது. ஒரு தவறைத் திருத்தும்போது நேரும் இரண்டாவது தவறுக்கும் உயரம் மிச்சம் இருக்க வேண்டும். சூரியன் நம் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்றுகொள்வதும், காற்றை எதிர்த்தே ஏற்றி இறக்குவதும் இயல்பாகிவிட வேண்டும்.

புறப்படும் முன் செய்யும் சோதனையை நான் ஒருபோதும் சுருக்குவதில்லை. டிரான்ஸ்மிட்டரை முதலில் இயக்கி, பிறகே விமானத்தில் மின்கலத்தை இணைக்க வேண்டும்; அணைக்கும்போது டிரான்ஸ்மிட்டர் கடைசி. டிரான்ஸ்மிட்டரின் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் ஏலரான், அதாவது பின்விளிம்பில் அசையும் மடல், மேலே எழ வேண்டும். அந்த மடலை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவைக் கழற்றி மாட்டிய பழுதுபார்ப்புக்குப் பிறகு அது தலைகீழாகிவிடுவதுதான் முதல் விநாடியிலேயே விமானத்தை இழக்க வைக்கும் காரணங்களில் முதன்மையானது. பின்னர் ஒருவர் விமானத்தை உறுதியாகப் பிடித்துக்கொள்ள, மோட்டாரை மெதுவாகச் சுழலவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்க்க வேண்டும். மோட்டார் உடனே நிற்காவிட்டால், சமிக்ஞை அறுந்த விமானம் தானாகப் பறந்துபோய் யார் வீட்டின் மேல் விழும் என்று சொல்ல முடியாது. இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் ஒன்றையொன்று குறுக்கிடாமல் இயங்குவதால் பலர் இச்சோதனையைக் கைவிட்டுவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புரொபெல்லர் சுழலும் தளத்தின் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது என்பதையும், குழந்தைகள் ஓட்டுநருக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும் என்பதையும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்கிறோம்.

இவ்வளவு செய்தும் விமானம் சில நேரம் செம்பனைத் தோப்புக்குள் போய்விடும். உடனே மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை இறக்கிவிட்டு, நின்ற இடத்தை விட்டு அசையாமல், விமானம் மறைந்த திசையில் உள்ள மரத்தை விரலால் சுட்டிக்காட்டியபடி நிற்க வேண்டும். தேடிப் போவது மற்றவரின் வேலை. சுட்டிக்காட்டுபவரும் நகர்ந்துவிட்டால், வரிசை வரிசையாக ஒன்றுபோல நிற்கும் மரங்களுக்கு நடுவே திசை தவறிவிடும். தோப்புக்குள் போகிறவருக்கு நீண்ட கால்சட்டையும் கனமான காலணியும் வேண்டும். மட்டைகளின் முட்கள் ஆழமாகக் குத்துபவை. மரத்தின் உச்சியில் சிக்கியிருந்தால் ஏற முயல வேண்டாம். பழக்குலை வெட்டும் நீண்ட கம்பைக் கையாளத் தெரிந்த தோட்டத் தொழிலாளியிடம் கேட்டால், அவர் இறக்கைக்குச் சேதமில்லாமல் எடுத்துக் கொடுப்பார். விமானம் கைக்கு வந்ததும் முதலில் மின்கலத்தைக் கழற்றுங்கள். அது நசுங்கியோ உப்பியோ இருந்தால், வெளியே சேதம் தெரியாவிட்டாலும் பலமாக மோதியிருந்தால், காரில் ஏற்றாமல் திறந்த வெட்டவெளியில் புல் இல்லாத மண்ணில் வைத்து அரைமணி நேரமாவது கவனித்திருங்கள். லித்தியம் மின்கலம் மோதிய உடனே எரியாமல் சற்று நேரம் கழித்தும் தீப்பிடிக்கக்கூடியது.